சோயாவில் மாட்டிய வயது

பிப்ரவரி 3, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில்தான்.

எங்கள் தொழிற்சாலைக்கு ஜப்பானிலிருந்து வந்திருக்கும் யூமி, இன்று தேநீர் வேளையில் பேய் முகமூடி மாட்டிக்கொண்டு கேண்டீனில் நின்றார். குளிர்காலம் முடியும் நாளில் அவர்கள் ஊரில் வறுத்த சோயா விதைகளை வீசி, “பேயே வெளியே போ, அதிர்ஷ்டமே உள்ளே வா” என்று கத்துவார்களாம். நாங்களும் வீசிக் கத்தினோம். பிறகு அவரவர் வயது எத்தனையோ அத்தனை சோயா தின்ன வேண்டும். அப்போதுதான் வருடம் நன்றாக இருக்குமாம்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். எதிரே எங்கள் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் செல்வம். அவருக்கு நாற்பத்தொன்று; எண்ணித் தின்று முடித்திருந்தார். எனக்கு முப்பத்தொன்பது என்று எப்போதோ அவரிடம் சொல்லி வைத்திருந்தேன். முப்பத்தொன்பதை எண்ணித் தின்றேன். மனசு கேட்கவில்லை. ஒரு வருட அதிர்ஷ்டத்தில் யாராவது குறை வைப்பார்களா? இன்னும் ஐந்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

“அஞ்சு கூட இருக்கே லா, ராணி,” என்றார் செல்வம்.

“அதான் சரியான வயசு.” முகம் சுட்டது.

அவர் என் தட்டிலிருந்து மூன்றை எடுத்துத் தின்றார். “அப்ப நானும் நாப்பத்து நாலு.”

ஞாயிற்றுக்கிழமை தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலைக் கோயில் ஏறி நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான், ஒரு துணை. இரண்டே நாளில் கொடுப்பாய் என்று தெரிந்திருந்தால், முருகா, உண்மை வயதை அவரிடம் அன்றைக்கே சொல்லியிருப்பேனே.