நாய்க்கும் ‘ங்க’ போட்ட தம்பிக்கு

என் ஆசைப் பொன்னா,

நீ கண்ணை மூடிய பிறகு ஊரில் என்னென்னவோ நடந்தது. உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். உன்னை வெயிலில் நிறுத்திய பெரிய வாத்தியாரை உன் மகள் கவிதா மேடையேற்றிவிட்டாள்.

துடியலூரில் அவள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா. பிளஸ் ஒன் பிள்ளைகள் பள்ளி ஒழுக்கம் பற்றி நாடகம் போட வேண்டும். சிறப்பு விருந்தினர் அதே பெரிய வாத்தியார் என்று அழைப்பிதழில் பார்த்தேன். அன்றே, நீ யாரிடமும் சொல்லாததை நான் கவிதாவிடம் சொன்னேன்.

சாக்பீஸ் எடுத்தாயா என்று அவர் கேட்டதற்கு நீ ‘இல்லை’ என்றாய். ‘இல்லீங்க’ என்று சொல்லவில்லை. குற்றம் அவ்வளவுதான். பொழுது சாயும்வரை மைதானத்தில் நின்று ‘இல்லீங்க, இல்லீங்க’ என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். அவர் அடிக்கவில்லை, அதட்டவும் இல்லை. “நல்லாச் சொல்லுங்க கண்ணு, இன்னுங் கொஞ்சம் சொல்லுங்க சாமி” என்று இனிக்க இனிக்கப் பேசினார். பள்ளிக்கூடம் போகாத நான் வேலிக்கு இந்தப் பக்கம் மாட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

அதோடு உன் படிப்பு முடிந்தது. பல்லடத்தில் தறிக்குப் போனாய். நூல் அறுந்தால் தறியிடமே “அந்துபோச்சுங்க” என்பாய். நாயைக்கூட “அக்கட்டால போங்க” என்றுதான் விரட்டுவாய். தங்கமான மனுசன் என்றார்கள். எனக்கு வயிறு எரியும்.

கவிதா சொல்லிப் பிள்ளைகள் இதையே நாடகமாக்கினார்கள். நான் ஒத்திகை பார்க்கப் போனபோது பெரிய வாத்தியாருக்கு முறுக்கு மீசையும் பிரம்பும் கொடுத்துக் கர்ஜிக்க வைத்திருந்தார்கள். அவர் கத்தவே மாட்டார் என்றேன். வாத்தியாராக நடித்த கவிதாவுக்குக் கோபம்.

“ஏனுங்க பெரியப்பா, மீசை வேண்டாங்கறீங்க, பெரம்பு வேண்டாங்கறீங்க. கடைசீல என்னையும் வேண்டாம்பீங்களாட்ட இருக்குது!”

பிறகு அவளே குரலைத் தணித்து, சிரித்த முகமாகப் பேசிப் பார்த்தாள். உன் வேஷம் போட்ட பையன் முதலில் சிரித்தான். சொல்லச் சொல்ல நிஜமாகவே அழுதுவிட்டான். பிரம்பைத் தூக்கிப் போட்டார்கள்.

முடிவில் வாத்தியார் மனம் திருந்திப் பையனைக் கட்டிப்பிடிக்கட்டும் என்றார் நாடகம் பழக்கிய தமிழம்மா. “அவரு கட்டிப்பிடிக்கவே இல்லீங்களே, டீச்சர்” என்றாள் கவிதா. அந்தக் காட்சி போயிற்று. திரை விழுந்த பிறகும் ‘இல்லீங்க’ கேட்டுக்கொண்டே இருக்கும் என்று முடித்தார்கள். பையனுக்கு உன் பெயர் வைக்க மட்டும் தமிழம்மா பயந்து ‘ராஜா’ என்று மாற்றிவிட்டார்.

விழாவன்று நான் மேடையைப் பார்க்கவில்லை. முன்வரிசையில் அவர் முகத்தைத்தான் பார்த்தேன். தலையாட்டி ரசித்தார், பொன்னா! முடிந்ததும் கவிதாவிடம் வந்தார்.

“அருமைங்க கண்ணு. அந்த வாத்தியாரு எத்தனை மரியாதையாப் பேசறாருங்க! அப்படியே என்னாட்டம்!”

“அந்தப் பையன் பேரு பொன்னுசாமிங்க” என்றேன் நான்.

“எந்தப் பொன்னுசாமிங்க?”

உன்னை நினைவில்லை அவருக்கு. உன் ஆயுசையே தின்றவருக்கு உன் பெயர்கூடத் தெரியவில்லை. இதற்கு நான் என்ன செய்ய?

கவிதா வேஷம் கலைக்காமல், அதே குரலில் சொன்னாள்:

“நெனப்பில்லீங்களா? பரவால்லீங்க. நெனப்பு வர்ற வரைக்கும் இங்கயே நில்லுங்க சாமி. பொன்னுசாமி, பொன்னுசாமின்னு சொல்லுங்க. நல்லாச் சொல்லுங்க கண்ணு.”

அவர் சிரிப்பு நின்றது. பின்னால் நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

பெரியவரை அவமானப்படுத்தச் சின்னப் பிள்ளையை ஏவிவிட்டேன் என்று ஊர் பேசுகிறது. இனி நாடகமே கிடையாது என்கிறது பள்ளிக்கூடம். நீ இருந்தால் “உடுங்கண்ணா, வயசானவருங்க” என்றிருப்பாய். விடமாட்டேன்.

பல்லடத்தில் உன்னோடு தறி ஓட்டியவர்கள் நாடகம் போட இடம் தருகிறார்கள். அங்கே அந்தப் பையனுக்கு உன் பெயர்தான். வெற்றிலை பாக்கு, பழத்தட்டோடு நானே போய்ப் பெரிய வாத்தியாரை முறைப்படி அழைப்பேன். வராவிட்டால் அவர் வீட்டு வாசலில் நாடகம் போடுவோம். உன் பெயரை அவர் வாயால் சொல்லும்வரை ஓயமாட்டேன், இது சத்தியம்.

விட்டுக்கொடுக்காத உன் அண்ணன்,
ரங்கசாமி