வலிகாட்டி

மார்ச் 3

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம் என்று எழுதினால் பொய், நலமில்லை என்றால் நீ பதறுவாய். அதனால் அந்த வரியையே விட்டுவிட்டேன். போனில் பேசினால் நான் அழுகிறேன், நீ மீட்டிங் என்கிறாய். கடிதத்தில் இரண்டுக்கும் வழியில்லை.

லாண்டரிக்குப் பக்கத்துக் கடையில் உங்கள் கார்டு விளையாட்டின் புதுப் பெட்டி வந்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் கடைக்காரர் அதை மறைக்கப் பார்த்தார். "காட்டுங்க, என் பொண்ணும் என் தம்பியும் சேர்ந்து பண்ணுனதுதானே" என்றேன். காட்டினார். நான் தேடியது ஒரே கார்டைத்தான். வலிகாட்டி.

அது எப்படி வந்தது என்று உனக்கு நினைவிருக்கும். உனக்கு வேலை போய் நம் வீட்டில் இருந்த காலம். சட்டை மடிக்க வைக்கும் அட்டையை நான் லாண்டரியிலிருந்து கொண்டு வருவேன், நீ கார்டாக வெட்டுவாய், என் வாலுப் பொண்ணு படம் போடுவாள். அன்றைக்கு அவள் கையெல்லாம் பெயிண்ட். "அம்மா, வழிகாட்டின்னு நீயே எழுதும்மா" என்றாள். அப்போது எனக்கு 'ழ' எழுத வராது, நான் படித்த லட்சணத்துக்கு 'வலிகாட்டி' என்று எழுதிவிட்டேன். நீ உருண்டு உருண்டு சிரித்தாய். அவள் சிரிக்கவில்லை. "இருக்கட்டும் மாமா, இதுதான் நல்லா இருக்கு" என்று சொல்லி அதற்கு ஒரு விதியே எழுதினாள். அதை இறக்குகிறவர் தன் கையில் எது பலவீனமோ அதை எதிராளிக்குக் காட்டிவிட வேண்டும். காட்டிவிட்டால் அந்தச் சுற்றில் எதிராளி அடிக்கக் கூடாது.

இப்போது 'ழ' போட்டுத் திருத்திவிட்டீர்கள். விதியும் வேறு. பழையதில் அவள் விளக்கோடு நிற்கும் என்னை, மூக்குத் தழும்பைக்கூட விடாமல் வரைந்திருந்தாள். அந்த இடத்தில் ஒரு பெண் வாளோடு நிற்கிறாள். உடம்பெல்லாம் இரும்புக் கவசம், தொப்புளுக்கு மட்டும் இல்லை. குத்துகிறவன் அங்கேதானே குத்துவான்?

பழையபடி வைக்கச் சொல். உன் பேச்சைக் கம்பெனியில் கேட்பார்கள். வருகிற இருபதாம் தேதியோடு அவள் போய் ஒரு வருடம். அவள் கைபட்டதில் வெளியே நடமாடுவது அது ஒன்றுதான்.

அக்கா

•

மார்ச் 8

அன்புள்ள அக்கா,

உன் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் விளையாட்டே இப்போது வேறு திசையில் போகிறது. முன்பு ஓர் ஆட்டம் முடிய ஒரு மணி நேரம் ஆகும், இப்போது கால் மணி நேரத்தில் முடிய வேண்டும். தன் கையிலிருப்பதை எதிராளிக்குக் காட்ட யாருக்கும் பிடிப்பதில்லை. அடிக்கிற கார்டைத்தான் தேடிச் சேர்க்கிறார்கள். படங்களையும் வேறு குழு வரைகிறது. பின்பக்க நிறமும் மாறிவிட்டதால் பழைய கார்டுகளைப் போட்டிகளில் சேர்க்க முடியாது. கம்பெனி எடுத்த முடிவு, என் கையில் ஒன்றும் இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

தம்பி

•

மார்ச் 11

தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கடைக்காரரிடம் காட்டினேன். அவர் பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்துக் காட்டினார். 'விதிகள் மாற்றம்' என்று போட்டு உன் பெயர். உன் பெயர் மட்டும்தான்.

கம்பெனி என்று என்னிடம் சொல்லாதே. என்னிடம் சொல்லவே முடியாத காரணமென்றால் அதையாவது சொல்லிவிடு. நான் எதையும் தாங்கப் பழகிவிட்டேன். கால் வலிக்கிறது என்று தெரியாமல், செருப்பு கடிக்கிறது என்று அவள் சொன்னதை நம்பி, புதுச் செருப்பு வாங்கிப் போட்டுவிட்டவள் நான். அந்தச் செருப்பு இன்னும் தேயாமல் வாசலில் கிடக்கிறது.

அக்கா

•

மார்ச் 15

அக்கா,

அந்த விதியையும் படத்தையும் நான்தான் எடுத்தேன். ஆபீஸில் யாரும் எடுக்கச் சொல்லவில்லை.

நீ அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதற்கு நாலு மாதம் முந்தி நான் வந்திருந்தேனே, நீ வேலைக்குப் போயிருந்தாய். நாங்கள் சமையல்கட்டில் தரையில் உட்கார்ந்து விளையாடினோம். அவள் கடைசியாக வலிகாட்டியை இறக்கினாள். கையில் வேறு கார்டே இல்லை. "காட்டுடி, எது பலவீனம்?" என்று கேட்டேன். "கையில ஒண்ணும் இல்ல மாமா, இதான் இருக்கு" என்று பாவாடையை முழங்காலுக்கு மேலே ஏற்றினாள். வீங்கியிருந்தது. "அம்மாகிட்ட சொல்லிடாதே, லீவு போட்டுட்டு உட்கார்ந்துடுவா. உன் பெட்டி அச்சாகி வரட்டும், நீயே கூட்டிட்டுப் போ" என்றாள். சரி என்றேன். அச்சு தள்ளிப்போனது. நானும் தள்ளிப்போட்டேன். அப்புறம் மறந்தே போனேன் அக்கா.

அந்தக் கார்டை எங்கே பார்த்தாலும் எனக்கு அவள் கால்தான் தெரிகிறது. அதனால் எடுத்தேன். இருபதாம் தேதி வருகிறேன். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்.

தம்பி

•

மார்ச் 18

தம்பிக்கு,

கடிதம் வந்தது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். நடுவில் இஸ்திரிப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு ஒருவர் சட்டையைக் கருக்கிவிட்டேன். இத்தனை வருடத்தில் இதுதான் முதல் தடவை.

நாலு மாதம். அன்றைக்கே சொல்லியிருந்தால் காலில் வந்த அந்தப் புற்று என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரிடம் கேட்க வாசல்வரை போனேன். கேட்காமல் திரும்பிவிட்டேன். கால் போனாலும் ஆள் இருந்திருப்பாள் என்று அவர் சொல்லிவிட்டால் உன்னை என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவளுடைய முதல் கார்டு, அந்தச் சட்டை அட்டை, என்னிடம்தான் இருக்கிறது. அதை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நீ காட்டிவிட்டாய். காட்டியவனை அந்தச் சுற்றில் அடிக்கக் கூடாது. இது அவள் எழுதிய விதி, உன் கம்பெனி மாற்றினாலும் நான் மாற்றமாட்டேன். ஆகையால் உன்னை ஒரு வார்த்தை சொல்லப்போவதில்லை.

ஆனால் அந்த விதி ஒரு சுற்றுக்குத்தான். இருபதாம் தேதி வராதே. போனும் செய்யாதே. புதுப் பெட்டியில் 'ழ'வே இருக்கட்டும், இனி நான் கேட்கமாட்டேன்.

அடுத்து என் முறை. நான் இறக்கும்வரை நீ காத்திருக்கத்தான் வேண்டும். கார்டைத்தான் சொல்கிறேன், பயந்துவிடாதே.

அக்கா