எண்பதில் நிறுத்திய எஞ்சின்

17 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

காலை முழுவதும் கொட்டகையில். இறக்கை, சக்கரம், இருக்கை எல்லாம் முடிந்துவிட்டன. மிச்சம் இருப்பது எஞ்சினைப் பலவீனப்படுத்துவது மட்டும். மூன்று வருடமாக ஒரு விமானத்தைக் கட்டிவிட்டு, கடைசியில் அதைக் குறைக்க உட்கார்ந்திருக்கிறோம்.

எங்களுக்குக் கிடைத்த எஞ்சின் நூறு குதிரைத்திறன். இந்த விமானத்துக்குத் தந்த அனுமதி எண்பது வரை. வேகம் கூட்டும் த்ராட்டில் முழுதாகத் திறக்காதபடி குறுக்கே ஒரு ஸ்க்ரூ வைக்கலாம் என்பது ஜெயபாண்டியின் யோசனை. “டிராக்டர்ல நான் செய்யாததா மாப்ள?”

கல்லூரியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன். உசிலம்பட்டியில் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான். பறக்கும் உரிமமும் அவனுடையது. நான் விமானவியல் பாடம் நடத்துகிறேன். பறந்ததில்லை.

29 ஆகஸ்ட்

சென்னையிலிருந்து விமானத் துறை ஆய்வாளர் வந்தார். அனந்தலக்ஷ்மி. ஸ்க்ரூவை வெகுநேரம் பார்த்தார்.

“இதைக் கழட்டினா பழைய பவர் வர எவ்வளவு நேரமாகும்?”

“அஞ்சு நிமிஷம் மேடம்,” என்றான் ஜெயபாண்டி. குரலில் பெருமை. “ஸ்பானர் கையில இருந்தா மூணு.”

அவர் சிரிக்கவில்லை. “அதான் சார் பிரச்சனை.”

கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே சின்னத் துளை போட்ட தட்டு வைக்க வேண்டும். காற்று குறைந்தால் சக்தியும் குறையும். தட்டின் போல்ட்டுகளில் கம்பி கோத்து ஈய முத்திரை வைப்பார். அவர் இல்லாமல் முத்திரை உடைந்தால் அன்றே அனுமதி போய்விடும்.

அவர் போன பிறகு அவனைப் பார்த்தேன்.

“உண்மையத்தானடா சொன்னேன்,” என்றான்.

7 செப்டம்பர்

முதல் துளை சிறிதாகிவிட்டது. எழுபதுகூட வரவில்லை. இரண்டாவது தட்டு சரி.

“குரல்வளையப் பிடிச்ச மாதிரி கத்துது மாப்ள,” என்றான். எனக்கு அது ஒழுங்கான சத்தமாகத்தான் கேட்டது.

19 செப்டம்பர்

முத்திரை வைத்தாயிற்று. சுண்டைக்காய் அளவு ஈயம். மூன்று வருட வேலையில் எல்லோரும் குனிந்து பார்ப்பது அதைத்தான்.

21 செப்டம்பர்

ஓடுபாதை நிலத்தில் பாதி ஜெயபாண்டியின் அண்ணன் நல்லகாமனின் பங்கு. தம்பிக்காக இதுவரை உழாமல் போட்டிருக்கிறார். இன்று வரப்பில் நின்றபடி சொன்னார்: “மொத மழைக்குச் சோளம் வெதைச்சிருவேன். உங்க பிளேனு பறந்தாலும் சரி, படுத்துக் கெடந்தாலும் சரி.”

ஆக, மழைக்கு முன்னால் பறக்க வேண்டும். இல்லையென்றால் இந்த வருடம் இல்லை.

1 அக்டோபர், ஆயுத பூஜை

ஸ்பானர், சக்கரம், ப்ரொப்பெல்லர் எல்லாவற்றிலும் சந்தனம். விமானத்தில் நுனி என்று எது இருந்ததோ அதற்கெல்லாம் ஜெயபாண்டி பொட்டு வைத்தான். நடுவில் குங்குமம்.

“நீங்களும் ஒரு பொட்டு வைங்கண்ணே,” என்றார் அவன் மனைவி தமிழ்ச்செல்வி.

படம் எடுக்கிறேன் என்றேன். எதிலும் கையை வைக்காமல் இருக்க எனக்கு எப்போதும் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

5 அக்டோபர்

தரையில் வேகமாக ஓட்டிப் பார்த்தோம். பறக்கவில்லை. வேகம் காட்டும் முள் அறுபதைத் தொட்டால்தான் எழலாம். முள் நாற்பதில் நின்றது. ஓடுபாதை முடிகிற இடத்தில் கண்மாய்க் கரை. மூன்று முறை ஓட்டினான், மூன்று முறையும் நாற்பது.

“உன் தட்டுதான் மாப்ள. உசுர உறிஞ்சுது.”

“தட்டு சரியாத்தான் இருக்கு.”

“அப்ப நான் பொய் சொல்றேனா? முள்ளப் பாரு!”

வீட்டுக்கு வந்து தட்டின் கணக்கைத் திரும்பப் போட்டேன். விடை மாறவில்லை. மேற்கே மேகம்.

8 அக்டோபர்

ஜெயபாண்டி போனை எடுக்கவில்லை.

9 அக்டோபர்

வகுப்பு முடிந்ததும் நேராக உசிலம்பட்டி.

கொட்டகைத் தரையில் ஈயம் கிடந்தது, கம்பி வெட்டுப்பட்டு. தட்டு பெஞ்சின் மேல். விமானம் வெளியே, ஓடுபாதையின் கடைசியில். இறக்கைக்குக் கீழே அவன் உட்கார்ந்திருந்தான்.

“நூறுலயும் நாப்பதுதான் மாப்ள.”

மண்ணில் பிரேக் இழுத்த தடம் கரைக்குப் பக்கத்தில் போய் முடிந்திருந்தது. அதற்கு முன்னால் ஓர் இடத்தில் சக்கரத் தடமே இல்லை. சற்றுத் தள்ளித் திரும்பத் தொடங்கியது. விமானம் எழுந்திருக்கிறது. முள் நாற்பது காட்டியதால், எழுந்தது அவனுக்கே உறைக்கவில்லை.

அப்போதுதான் அந்தக் குழாயைப் பார்த்தேன். இறக்கைக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், பென்சில் தடிமன். அதன் வாய் வழியாக நுழையும் காற்றுதான் முள்ளைத் தள்ளுகிறது. வாயில் சந்தனம். காய்ந்து, மயிரிழை போல் ஒரு விரிசல் விட்டிருந்தது. அந்த விரிசல் வழியாக நுழைந்த கொஞ்சம் காற்றுக்குத்தான் நாற்பது.

எண்பதே போதுமாக இருந்திருக்கிறது. முதல் நாளிலிருந்தே.

தமிழ்ச்செல்வி ஊக்கு கொண்டுவந்து கொடுத்தார். குடைந்து எடுத்தேன். போனில் பூஜைப் படத்தைப் பெரிதாக்கினேன். குழாயின் வாயில் பொட்டு, பளிச்சென்று. படத்தின் நடுவில் அதை வைத்துத்தான் எடுத்திருக்கிறேன்.

அவன் சிரித்தான், எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அவன் எழுந்து வேட்டியைத் தட்டினான். “தட்டத் திரும்ப மாட்டிருவோம். ஈயம் கடையில கெடக்கு. மேடம் வச்ச மாதிரியே ஒண்ண அமுக்கிட்டா யாருக்குத் தெரியப் போகுது? நாளைக்கே பறந்துரலாம்டா. மழை வரப்போகுதுடா.”

நான் பஸ் ஏறினேன்.

10 அக்டோபர்

அனந்தலக்ஷ்மிக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். கல்லூரி வராந்தாவில் நின்று, மாணவர்கள் போய்க்கொண்டிருக்கும்போது.

எந்தத் தேதி என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, “பர்மிட்டை நிறுத்தி வைக்கிறேன். மழைக்காலம் முடியட்டும், வந்து பாக்கறேன்,” என்றார்.

ஏன் சொன்னேன்? நேர்மை என்று எழுதக் கை வரவில்லை. அவன் ஒருமுறை நூறில் ஓட்டிவிட்டான். தட்டை மறுபடி கழற்ற ஐந்து நிமிடம். நான் அங்கே இல்லாத ஒருநாள், ஏதோ ஒன்று சரியில்லை என்று அவனுக்குத் தோன்றும்.

கரைக்குப் பக்கத்தில் அந்தத் தடம்...

அவன்கிட்ட சொல்லிட்டாவது பண்ணியிருக்கலாம்ல? என்னடா பண்ணித் தொலைச்ச.

11 அக்டோபர்

அவனே கூப்பிட்டான். “மேடம் பேசுனாங்க. ரொம்ப நல்லது சார்.”

வைத்துவிட்டான். பதினோரு வருடத்தில் என்னை அவன் சார் என்றதில்லை.

18 அக்டோபர்

இங்கே பசுமலையில் விடாத மழை. அங்கேயும் பெய்திருக்கும்.

22 அக்டோபர்

நல்லகாமன் சோளம் விதைத்துவிட்டார். தமிழ்ச்செல்வி போனில் சொன்னது. பின்னால் அவன் குரல் கேட்டது, யாரிடமோ பெல்ட் விலை சொல்லிக்கொண்டு.

30 நவம்பர்

மாடியில் துணி எடுக்கும்போது சென்னை விமானம் தாழ்வாகப் போயிற்று. நிமிர்ந்து பார்க்கவில்லை.

27 ஜனவரி 2026

தமிழ்ச்செல்வி: “சோளம் அறுத்தாச்சுண்ணே. இவரு அண்ணனே ரோலர் ஓட்டித் தரைய மட்டமாக்கிக் குடுத்துட்டாரு. மேடம் ஆறாந்தேதி வாராங்களாம். இவரு ஒங்களக் கூப்புட மாட்டாரு. நீங்களா வந்துருங்க.”

6 பிப்ரவரி

போனேன். அதே தட்டு, புது ஈயம். அனந்தலக்ஷ்மி முத்திரையை அழுத்தும்போது ஜெயபாண்டி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவர் எதுவும் கேட்கவில்லை, அவனும் நேரக் கணக்கு எதுவும் சொல்லவில்லை.

சக்கரத்துக்கு எலுமிச்சை. பிறகு சந்தனக் கிண்ணம். ப்ரொப்பெல்லர், மூக்கு, கதவு, இறக்கை நுனி. குழாயின் முன்னால் வந்து அவன் விரல் நின்றது. என் பக்கம் திரும்பினான்.

வகுப்பறை மார்க்கரின் சிவப்பு மூடி என் பையில் இருந்தது. காலையில் நினைத்து எடுத்து வைத்ததுதான். குழாயில் செருகினேன். அவன் மூடியின் மேல் பொட்டு வைத்தான்.

அவன் ஏறி உட்கார்ந்ததும் மூடியைக் கழற்றினேன்.

எண்பதில் எழுந்தது. கரைக்கு வெகு முன்னால். சத்தம் சின்னதாகி, கண்மாய்க்கு மேல் ஒரு வட்டம், இன்னொரு வட்டம். நல்லகாமன் துண்டைத் தலையிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

இறங்கியதும் எல்லோரிடமும் பேசினான். அண்ணனிடம், “அண்ணே, மேலருந்து பாத்தா நம்ம வீட்டுத் தண்ணித் தொட்டி மூடாமக் கெடக்கு,” என்றான். கடைசியாக என்னிடம் வந்தான்.

“முள்ளு கரெக்டா காட்டுச்சு சார்.”

“சரி.”

குழாயைத் தொட்டுப் பார்த்தான்.

“மூடி எங்க?”

சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினேன். சந்தனம் துணியில் ஊறியிருந்தது.

“வச்சிரு. நாளைக்கும் நீதான் கொண்டாரணும்.”