கார்கோ வாசலுக்கு வழி

ஜன்னல் ஓரத்துச் சீட்டைக் கேட்டு வாங்கிவிட்டு, விமானம் கிளம்பியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஜெபமாலை சொல்லும் என் அம்மாவுக்கு,

வருஷா வருஷம் உங்கள் நினைவு நாளுக்குப் பத்திரிகையில் ஒரு கட்டம் போடுவோம். அதே பாஸ்போர்ட் படம், அதே நாலு வரி, கீழே கணவர், மகள், சகோதரி. "அந்தப் படத்துல அக்கா யாரையோ பாத்துப் பயந்த மாதிரி இருக்கு" என்று ஸ்டெல்லா சித்தி தவறாமல் சொல்வார். இந்த வருஷம் கட்டம் வேண்டாம், நானே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். உங்களுக்குச் சொல்ல வேண்டிய சேதி நாலு வரியில் அடங்காது.

அப்பா சுகமாக இருக்கிறார். முழங்கால் வலி வந்ததும் கண்டி–வத்தேகம பஸ்ஸில் பார்த்த கண்டக்டர் வேலையை விட்டுவிட்டார். வேலைதான் அவரை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் ஆட்கள் நெருக்கினால், "முன்னுக்குப் போங்க, முன்னுக்குப் போங்க, நடுவுல எடம் இருக்கு" என்று தன்னை அறியாமல் சத்தம் போடுகிறார். ஒருநாள் ஃபாதரே சிரித்துவிட்டார்.

இனி என் சேதி. நான் விமானியாகிவிட்டேன், அம்மா. சிரிக்காதீர்கள். சைக்கிள் பழகப் போய் வேலிக்குள் விழுந்து எழும்பி வந்த அதே ஜெசிதான். பள்ளிக்கூடத்தில் உயர்தரப் பரீட்சை முடித்து, வளைகுடாவில் ஒரு பெரிய சரக்கு விமானக் கம்பனியில் வேலைக்குச் சேர்ந்தேன். எந்தச் சாமானை விமானத்தில் எந்த இடத்தில் வைப்பது என்று கணக்குப் பார்க்கும் வேலை. பாரம் ஒரு பக்கம் கூடினால் விமானம் சொல்பேச்சுக் கேட்காது. சில வருஷம் போனதும் கம்பனி தன் ஆட்களிலேயே சிலரை விமானிப் பயிற்சிக்கு எடுத்தது. முதல் தடவை தேர்வில் விழுந்தேன். அடுத்த தடவை தேறினேன். இப்போது வலது பக்கத்துச் சீட்டு எனக்கு, இடது பக்கம் கப்டனுக்கு. பின்னால் ஒரு பயணியும் கிடையாது. பூ, மருந்து, துணி, இயந்திரச் சாமான், ஒருமுறை நாலைந்து குதிரைகள்.

சித்தி இதை வத்தேகம கடைத்தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தார். அப்பாதான் மசியவில்லை.

"எத்தன சீட்டு?" என்று கேட்டார்.

"சீட்டு இல்லப்பா. சாமான் மட்டுந்தான்."

"ஆள் ஏறாத வண்டிக்கு நீ என்னத்துக்கு?"

"சாமானும் போய்ச் சேரணும்லப்பா."

"நான் வாழ்நாள் பூரா ஆள் ஏத்துனவன் புள்ள. மூட்ட கூரைக்கு மேல போகும், ஆள் உள்ளுக்கு வரும். எம் மக ஆள் ஏத்துற பிளேன் ஓட்டுறான்னு சொல்லு, இப்பவே போய் மெழுகுவத்தி ஏத்துறேன். கார்கோன்னு மட்டும் என்கிட்ட சொல்லாத."

அதோடு அந்தச் சொல் வீட்டை விட்டுப் போய்விட்டது. யாராவது கேட்டால், "மக எயார்போட்டுல வேல" என்பார். லீவில் வந்தால் கட்டுநாயக்க எயார்போட்டிலிருந்து நான் தனியாகத்தான் பஸ் ஏறி வருவேன். உங்களைக் கூட்டி வந்த நாளுக்குப் பிறகு அப்பா அந்த இடத்தை மிதித்ததே இல்லை. எனக்கு அவர்மேல் கோபம் இல்லை, அம்மா. ஆனால் அந்தச் சீருடையோடு என்னை ஒருமுறையாவது அவர் பார்க்க வேண்டும், இது என் மகள் என்று நாலு பேரிடம் சொல்ல வேண்டும் என்ற ஆசை மட்டும் நெஞ்சுக்குள் கிடந்து அரித்துக்கொண்டே இருந்தது.

அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த நாளில் என்ன நடந்தது என்று உங்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? உங்களுக்காகத்தான் எல்லோரும் போயிருந்தோம், உங்களுக்குத்தான் ஒன்றும் தெரியாது.

நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். குவைத்தில் நீங்கள் வேலை செய்த வீட்டில் விழுந்துவிட்டீர்கள், மாரடைப்பு என்றார்கள். பல நாள் காத்திருந்த பிறகு, "எயார்போட்டுக்கு வாங்க" என்று ஒரு போன் வந்தது. எயார்போட் என்றால் எங்களுக்கு ஒரே இடம்தான். நீங்கள் லீவில் வரும்போதெல்லாம் நாங்கள் காத்து நின்ற வருகை வாசல். கண்ணாடிக் கதவு திறந்து திறந்து மூடும். கயிறு சுற்றிய பெட்டியைத் தள்ளிக்கொண்டு வருவீர்கள். முதலில் என்னைப் பார்க்க மாட்டீர்கள், சித்தியைப் பார்க்க மாட்டீர்கள். அப்பாவின் கையில் ஃபிளாஸ்க் இருக்கிறதா என்றுதான் பார்ப்பீர்கள். இஞ்சி தட்டிப் போட்ட, பால் சேர்க்காத பிளேன் டீ. "அந்த ஊரு தண்ணியில தேயில ருசிக்கவே மாட்டேங்குது" என்று அங்கேயே நின்று, ஃபிளாஸ்க் மூடியில் ஊற்றிக் குடித்த பிறகுதான் எங்களைக் கட்டிப் பிடிப்பீர்கள்.

அன்றைக்கும் நாங்கள் அங்கேதான் போய் நின்றோம். வெள்ளை உடுத்தி, வேன் பிடித்து, கடுகண்ணாவ மலை இறக்கத்தைத் தாண்டிப் போனோம். அப்பாவின் கையில் ஃபிளாஸ்க் இருந்தது. விடியக்காலையில் எழும்பிப் பழக்கத்தில் இஞ்சி தட்டி நிரப்பிவிட்டார். வாசலில் எங்களுக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் பலூனும் பூமாலையுமாக நின்றது. கதவு திறக்கும்போதெல்லாம் அவர்களும் எட்டிப் பார்த்தார்கள், நாங்களும் எட்டிப் பார்த்தோம். உங்கள் பெட்டியை யார் தள்ளிக்கொண்டு வருவார்கள், அது அந்தக் கதவுக்குள் நுழையுமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர்களுடைய ஆள் வந்ததும், மாலை போட்டு, படமெடுத்து, போய்விட்டார்கள். அதற்கும் பிறகுதான் ஒரு காவலாளி எங்கள் உடுப்பைப் பார்த்துவிட்டுக் கிட்ட வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "பிரேதமா? அது இங்க வராது. கார்கோவுக்குப் போங்க."

கார்கோவில் டீவிப் பெட்டிகளுக்கும் துணிப் பொதிகளுக்கும் நடுவில் நின்றோம். ஒரு ஃபோர்க்லிஃப்ட் வண்டி உங்களைத் தூக்கிக்கொண்டு வந்தது. அப்பா அதன் முன்னால் ஓடினார். "ஹெமின், ஹெமின்" என்று கையைக் காட்டினார். பஸ்ஸைப் பின்னுக்கு எடுக்கும்போது மெதுவாக, மெதுவாக என்று டிரைவருக்குச் சிங்களத்தில் சொல்வாரே, அதே குரல். பிறகு தமிழில், யாரையும் பார்க்காமல், "அவ மூட்ட இல்லப்பா" என்றார். வீடு வந்து சேர்ந்தபோதும் ஃபிளாஸ்க் நிறைந்தபடியே இருந்தது. சித்திதான் அதைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய் ஊற்றினார்.

பயிற்சிக்கான நேர்முகத்தில் ஏன் கார்கோ என்று என்னையும் கேட்டார்கள். ஓட்ட ஆசை, வாய்ப்புக் கிடைத்தது என்றேன். அது பொய்யில்லை. ஆனால் பாரக் கணக்குப் பார்த்த காலத்தில் உங்களைப் போன்றவர்களின் பெட்டிகளுக்கும் நான்தான் இடம் பார்த்தேன். சாப்பாட்டுச் சாமானுக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது. உயிருள்ள பிராணிகளுக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது. தலை விமானத்தின் முன்பக்கம் இருக்க வேண்டும். நம் வீட்டிலிருந்து உங்களைக் கால் முன்னால் இருக்கும்படிதான் தூக்கிக்கொண்டு போனோம். வானத்தில் மட்டும் தலை முன்னால். ஏறும்போது விமானத்தின் மூக்கு உயர்ந்து நிற்கும், அதனால்தான் என்று கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள். எனக்கு அந்தக் காரணம் போதவில்லை. வீடு இருக்கும் பக்கம் தலை வைத்துப் படுத்துக்கொண்டு வந்தீர்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு உங்கள் விமானத்தை ஓட்டியவர் யார், அம்மா? பின்னால் நீங்கள் இருப்பது அவருக்கு நினைவிருந்ததா?

ஒரு லீவில் நீங்கள் சொன்னது எனக்கு மறக்கவே இல்லை. "ஓட்டுறவரு ஏதோ சொல்றாரு. இங்கிலீசுல சொல்றாரு, அரபியில சொல்றாரு. எனக்கு ஒன்னும் வெளங்காது. பக்கத்துல இருக்கவ பெல்ட்ட மாட்டுனா நானும் மாட்டிக்கிருவேன். ஊரு வந்துருச்சான்னு கேக்க ஒரு ஆளில்ல." நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நீங்களும்தான் சிரித்தீர்கள்.

போன மாதம் முதல் தடவையாக எனக்குக் கட்டுநாயக்கப் பயணம் கிடைத்தது. என்னென்ன ஏறுகிறது என்று பார்த்தேன். மருந்து, உதிரிப்பாகம், அப்புறம் ஒரு பெண்ணின் பெட்டி. சிங்களப் பெயர். அந்தப் பெயரை இரண்டு தரம் வாசித்தேன். பிறகு அப்பாவுக்குப் போன் எடுத்தேன்.

"நாளைக்குக் காலையில நம்ம ஊருக்கே ஓட்டிட்டு வர்றேன்ப்பா."

"ம்."

"ஒரு பொட்டியும் வருது."

அந்தப் பக்கம் அடுப்படியில் சித்தி பாத்திரம் கழுவுவது மட்டும் கேட்டது.

"ஆம்பளையா, பொம்பளையா?"

"பொம்பள. அதுக்கு மேல சொல்லக்கூடாதுப்பா."

"சரி, வை" என்று வைத்துவிட்டார். ஆறிய புண்ணைக் கிளறிவிட்டேனோ என்று மனசு அடித்துக்கொண்டது.

என் கப்டன் அதிகம் பேசாத மனிதர், எந்த நாட்டிலும் காலூன்றாத வெள்ளைத் தாடிக்காரர். கீழே இறங்கத் தொடங்கும் முன் அவரிடம் கேட்டேன். என் அம்மாவும் இப்படித்தான் ஊருக்கு வந்தார், பின்னால் இருப்பவருக்கு ஒரு வார்த்தை சொல்லட்டுமா என்று. சரி என்று தலையை ஆட்டினார். நான் மைக் எதையும் தொடவில்லை. சீட்டில் இருந்தபடியே கொஞ்சம் திரும்பி, முதலில் உங்களுக்குச் சொன்னேன். "அம்மா, ஊரு வந்துருச்சு. கட்டுநாயக்கவுல எறங்கப் போறோம். வெளிய நல்ல வெயில். பெல்ட்ட மாட்டிக்கங்க." பிறகு அந்தப் பெண்ணுக்கு, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அதையே சொன்னேன். பாதியில் அழுகை வந்துவிட்டது. கப்டனுக்கு இரண்டு பாஷையும் தெரியாது. ஆனாலும் அவர் கையை உயர்த்தி, பயணிகளுக்கான பெல்ட் விளக்கின் சுவிட்சைப் போட்டார். பிறகு நாங்கள் வேலையைப் பார்த்தோம்.

இறங்கி, எல்லாம் முடித்துக்கொண்டு கார்கோ வாசல் பக்கம் வந்தேன். வெள்ளை உடுத்திய ஒரு குடும்பம் நின்றது. ஒரு ஆள், அவருடைய சொந்தக்காரர்கள் இரண்டு மூன்று பேர், பள்ளிக்கூடச் சப்பாத்துப் போட்ட ஒரு பெண் பிள்ளை. அவர்களுக்கு நடுவில் வெள்ளைச் சேர்ட்டோடு நம்ம அப்பா. கையில் அதே ஃபிளாஸ்க்.

"நீங்க எப்படிப்பா இங்க?"

"காலையில மொத பஸ்ஸ புடிச்சேன். நேரா அங்க போனேன் புள்ள, நம்ம நின்னோமே, அந்த வாசலுக்கு. நெனச்சது சரி. வெள்ளையும் சொள்ளையுமா நின்னுக்கிட்டு கதவையே பாத்துக்கிட்டு இருக்காங்க. இவங்ககிட்டயும் எயார்போட்டுன்னு மட்டுந்தான் சொல்லியிருக்காங்க."

"என்ன சொல்லிக் கூட்டிட்டு வந்தீங்க?"

"என்னத்த சொல்றது. 'மே பெத்தட்ட என்ட'ன்னேன். இந்தப் பக்கம் வாங்கன்னு. ஸ்டாண்டு மாறி நிக்கிற சனத்த நான் பாக்காததா?"

அவர்கள் அந்த மூடியில் ஆளுக்குக் கொஞ்சமாகத் தேத்தண்ணி குடித்திருந்தார்கள். பெட்டி வந்தது. அப்பா முழங்கால் வலியோடு முன்னால் போய் நின்று கையைக் காட்டினார். "ஹெமின், ஹெமின்." வண்டிக்காரர் நிறுத்தி, நிறுத்தி, மெதுவாக இறக்கினார். அந்தப் பெண் பிள்ளை அழவில்லை. என் சீருடையையும் தோள்பட்டைக் கோடுகளையும் பார்த்துக்கொண்டே நின்றது. நான் யார் என்று அதன் தகப்பன் அப்பாவிடம் கேட்டார்.

அப்பா சிங்களத்தில் சொன்னார். "இது என் மகள். உங்கள் மனைவியை இவள்தான் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு வந்தாள்."

அந்த மனிதர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு ஃபிளாஸ்க்கை மூடிக்கொண்டிருந்தார்.

கண்டிக்கு வரும் பஸ்ஸில் என்னை ஜன்னல் ஓரம் இருக்கச் சொன்னார். வழியில் தொண்டை காய்ந்து, தேத்தண்ணி மிச்சமிருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கு, ஒனக்கில்ல" என்றார். வத்தேகமவில் இறங்கி வீட்டுக்குப் போகவில்லை. நேராக உங்கள் கல்லறைக்குத்தான் நடந்தார். மிச்சத்தை மூடியில் ஊற்றி, உங்கள் பேர் எழுதிய கல்லின்மேல் வைத்தார்.

"அன்னைக்கே குடுத்திருக்கணும்" என்றார். "ஆறிப்போச்சு. பரவால்ல, அவ ஆறுனாலும் குடிப்பா."

இரண்டு பேரும் அங்கேயே இருந்து அழுதோம், அம்மா. இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஒரு வாக்குத் தருகிறேன். என் விமானத்தில் உங்களைப் போல யார் படுத்து வந்தாலும், ஊர் வந்துவிட்டது என்று அவர்களுக்கு விளங்கும் பாஷையில் சொல்லாமல் நான் தரையில் இறங்கமாட்டேன். அந்தப் பாஷை எனக்குத் தெரியாவிட்டால் கேட்டுப் படித்துக்கொள்வேன். கீழே வருகை வாசலை அப்பா பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார், நான் வரும் நாட்களில் எல்லாம். முழங்கால் வலிக்குமே என்றேன். "நின்னுக்கிட்டே வர்றது எனக்குப் பழக்கந்தானே" என்கிறார்.

உங்கள் ஒரே பிள்ளை,
கண்டக்டர் மகள் ஜெசி