அரை நாள் பார்க்

சத்யா அப்பாவுக்கு,

போன வாரம் தீம் பார்க் போய்வந்து, "அங்க அரை நாளுக்கு மேல ஒண்ணுமில்ல, உன்னக் கூட்டிப்போனா வீண்" என்றீர்கள். நம்பினேன். நேற்று சோளக்காட்டுச் சந்தையில் உங்கள் மாமன் மகள் பிரபாவதி சொல்கிறாள்: "மச்சானும் நாங்களும் கேட் சாத்துற வரைக்கும் இருந்தோம். பொழுதே பத்தலீங்கக்கா."

நானும் சத்யாவும் முதல் பஸ்ஸில் அங்கேதான் போகிறோம். மரவள்ளிக்கிழங்கு வேகவைத்திருக்கிறேன். பாறையில் காயும் மிளகைப் பனி இறங்குமுன் அள்ளிவையுங்கள். நீங்கள் சொன்னது நிஜமானால் சாயந்திரமே வந்துவிடுவோம். இல்லாவிட்டால் கடைசி பஸ்தான்.

பூங்குழலி

இன்னொன்று. ராட்டினத்தில் பயந்து கண்ணை மூடிக்கொண்டீர்களாமே? பன்னிரண்டு வருடமாகக் கூடவே வாழ்கிற எனக்கு, நீங்கள் எதற்குப் பயப்படுவீர்கள் என்று அவள் வந்தா சொல்ல வேண்டும்?