பிறந்த தேதி திருத்தம்

சூசையப்பர்பட்டி,
12-9-93

அன்புள்ள அப்பாவுக்கு,

லியோ எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உங்கள் கடிதம் வந்து நாற்பது நாளாகிறது. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் அம்மா காத்திருப்பதைக் காட்டிக்கொள்ளாமல் உள்ளே போய்விடுகிறாள். சீக்கிரம் எழுதுங்கள்.

ஒரு முக்கியமான விஷயம். பிளஸ் டூ முடிக்கும்போதே எழுதக்கூடிய ஒரு பரீட்சையைப் பற்றி எங்கள் என்.சி.சி. சார் சொன்னார். தேறினால் புனே பக்கத்தில் ராணுவ அகாடமியில் மூன்று வருடப் படிப்பு. அதன் பிறகு பட்டாளத்தில் சிப்பாய் இல்லை, அதிகாரி. ஒன்பதாவதிலேயே தொடங்கினால்தான் எட்டிப் பிடிக்க முடியும் என்கிறார். நான் தொடங்கிவிட்டேன். தினமும் காலையில் குடமுருட்டி ஆற்றங்கரையில் மூன்று கிலோமீட்டர் ஓடுகிறேன். வகுப்பில் நான்தான் குட்டை என்பதால் ஓட்டத்தில் எப்போதும் கடைசி. கணக்கில் முதல்.

“ஒத்தப் புள்ளைய பட்டாளத்துக்கு அனுப்பிட்டு நான் சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா?” என்கிறாள் அம்மா. நீங்கள்தான் அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

உங்கள் மகன்,
லியோ


மஸ்கட்,
10-10-93

அன்பு மகன் லியோவுக்கு,

அப்பாவின் ஆசீர். போன ஏழாம் தேதியோடு உனக்குப் பதினைந்து முடிந்தது. கேக் வெட்டினீர்களா? இங்கே ஒரு பாட்டில் பெப்சி வாங்கி எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்துக் கொண்டாடினேன்.

உன் கடிதத்தை கேம்ப் முழுக்கக் காட்டிவிட்டேன். எங்கள் கேம்ப் செக்யூரிட்டி வீரையன், ஓய்வுபெற்ற ஹவில்தார், பட்டுக்கோட்டைப் பக்கம். உடல் பரிசோதனையில் கழித்துவிடாமல் இருக்க அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மங்கின வெளிச்சத்தில் படிக்காதே. சொத்தைப் பல் இருந்தால் இப்போதே அடைத்துவிடு. பச்சை குத்திக்கொள்ளாதே. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலில் அம்மாவைக் காதில் எண்ணெய் விட விடாதே. கடைசியாக, நேர்முகத் தேர்வுக்காகச் சொன்னது: வாய் திறந்து இங்கிலீஷ் பேசு, தப்பாக இருந்தாலும் பேசு. கான்வாஸ் ஷூ ஒரு ஜோடி அனுப்புகிறேன், அளவு எழுது.

அம்மாவை நான் சரிக்கட்டுகிறேன். என் அப்பா கூலிக்கு நாற்று நட்டார், நான் வெளிநாட்டில் ஒயர் இழுக்கிறேன். நீ அதிகாரி ஆனால் எனக்கு வேறென்ன வேண்டும்? சர்டிபிகேட் விஷயம் எதுவானாலும் நான் ஊருக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். நீயாக எதையும் தொட வேண்டாம்.

உன் அப்பா,
சகாயநாதன்


சூசையப்பர்பட்டி,
20-2-94

அப்பாவுக்கு,

ஷூ வந்தது, அளவு சரி. நீங்கள் தொட வேண்டாம் என்று சொன்னதைத் தொட்டுவிட்டேன்.

எல்லாக் காகிதத்திலும் பிறந்த தேதி ஒன்றாக இருக்க வேண்டும், ஞானஸ்நானச் சான்றும் வாங்கி வை என்றார் என்.சி.சி. சார். கோயிலுக்குப் போனேன். பங்குச் சாமியார் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, “நீ எந்த லியோ தம்பி?” என்று கேட்டார். அதில் இரண்டு பதிவு இருந்தது. சகாயநாதன், அமலி பிள்ளை லியோ, பிறப்பு 7-10-78. அதே பெற்றோர், அதே பெயர், பிறப்பு 27-11-80. முதல் வரிக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘இறப்பு 3-9-79’.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். “அப்பாவக் கேளு” என்று மட்டும் சொன்னாள். பள்ளியில் இருப்பது எழுபத்தெட்டு. அப்படியென்றால் நான் அண்ணனுடைய தேதியில் படிக்கிறேனா? எனக்கு வயது பதிமூன்றுதானா?

பத்தாவது பரீட்சைக்குப் பெயர்ப் பட்டியல் போவதற்கு முன்னால்தான் தேதியைத் திருத்த முடியும். பிறகு அந்த சர்டிபிகேட்தான் ஆயுளுக்கும். எழுதுங்கள்.

லியோ


மஸ்கட்,
15-3-94

அன்பு மகனுக்கு,

நீ கேட்டது உண்மைதான். மூத்தவன் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் பிறந்தான். நானே அலைந்து சர்டிபிகேட் வாங்கினேன். பதினோரு மாதத்தில் காய்ச்சல் வந்து போய்விட்டான். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட வாயை உன் அம்மாவால் மாற்ற முடியவில்லை. உனக்கும் அதையே வைத்தோம். நீ வீட்டில் பிறந்தாய். நான் எங்கேயும் போய்ப் பதியவில்லை.

எண்பத்தைந்து ஜூனில் எனக்கு விசா வந்தது. போவதற்குள் உன்னைப் பள்ளியில் சேர்த்துவிட்டுப் போக நினைத்தேன். ஐந்து முடியவில்லை, அடுத்த வருடம் வா என்றார்கள். பெட்டியில் அவன் சர்டிபிகேட் இருந்தது. பெயர் ஒன்றுதானே என்று கொடுத்துவிட்டேன். இதுதான் நடந்தது.

வீரையனிடம் வயது வரம்புக் கணக்குக் கேட்டேன். அந்தத் தேதியை வைத்தே இரண்டு தடவை எழுதலாமாம். உனக்கு அது போதாதா? அப்படியே விட்டுவிடு லியோ. திருத்தப் போனால் அவன் இறந்ததற்கு அரசாங்கச் சான்று கேட்பார்கள். கோயிலில்தான் எழுதினோமே தவிர, கிராம அலுவலகத்தில் நான் சொல்லவே இல்லை. அதை எழுதிக் கையெழுத்துப் போட என்னால் முடியாது.

அப்பா


சூசையப்பர்பட்டி,
10-4-94

அன்புள்ள அப்பாவுக்கு,

இரண்டு தடவை போதாது என்று நான் எழுதவில்லை. என் தேதிப்படி ஆறு தடவை எழுதலாம் என்பது எனக்கும் தெரியும். அதற்காகக் கேட்கவில்லை.

பரீட்சை மனுவின் மாதிரி ஒன்றை சார் காட்டினார். கடைசியில், மேலே சொன்னது எல்லாம் உண்மை, பொய்யானால் எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தெரியாமல் இருந்தால் போட்டிருப்பேன். இப்போது தெரிந்துவிட்டது. பொய் என்று தெரிந்து அதில் கையெழுத்துப் போட்டு அதிகாரியாக எனக்கு விருப்பமில்லை. திருத்தாவிட்டால் நான் எழுதப் போவதில்லை.

உங்கள் மேல் கோபம் இருக்கிறது. ஒவ்வொரு அக்டோபரும் கேக் வெட்டும்போது அம்மா ஏன் அடுப்படிக்குப் போகிறாள் என்று தெரியாமல் நான் கைதட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். யாராவது ஒருவர் சொல்லியிருக்கலாம்.

நேற்று அம்மா என்னைக் கல்லறைக்குக் கூட்டிப்போனாள். சிலுவை இல்லை. வேலி ஓரம் ஒரு இடத்தைக் காட்டி, “இங்கதான்னு நெனைக்கிறேன்” என்றாள். அவள் கையெழுத்துப் போடத் தயார். தலைமையாசிரியர் உங்கள் வாக்குமூலமும் வேண்டும் என்கிறார். நவம்பர் கடைசிக்குள் வர வேண்டும்.

லியோ


மஸ்கட்,
8-11-94

அன்பு மகன் லியோவுக்கு,

ஏழு மாதமாக உனக்கு எழுதாமல் இருந்தேன். வேலை அதிகம் என்று அம்மாவுக்கு எழுதியது பொய். எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

இத்துடன் வாக்குமூலம் இரண்டு பிரதி வைத்திருக்கிறேன், தூதரக முத்திரையோடு. ஒன்று தலைமையாசிரியருக்கு. இன்னொன்றை எடுத்துக்கொண்டு அம்மாவோடு முதலில் கிராம நிர்வாக அலுவலரைப் பார். அண்ணன் இறப்பும் உன் பிறப்பும் காலம் கடந்த பதிவு என்பதால் கோர்ட்டு உத்தரவு கேட்பார்கள். கோயில் புத்தக நகலைக் காட்டு. என்ன தவறு செய்தேன் என்று நானே ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறேன். திட்டினால் வாங்கிக்கொள். அது உனக்கு இல்லை, எனக்கு. அம்மாவைத் தனியாக மட்டும் அனுப்பாதே.

தூதரகத்தில் ஒரு குமாஸ்தா, சின்ன வயதுப் பையன், படிவத்தை நிரப்பிக்கொண்டே எத்தனை பிள்ளைகள் என்று கேட்டான். இங்கே வந்த நாள் முதல் யார் கேட்டாலும் ஒன்று என்றே சொல்லிப் பழகியவன் நான். இரண்டு என்றேன். பெயர் கேட்டான். லியோ, லியோ என்றேன். அவன் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். எல்லார் முன்னாலும் அழுதுவிட்டேன். ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தான். பிறகு, இறந்த தேதி என்ற இடத்தில் நானே என் கையால் எழுதினேன்.

இருபத்தேழாம் தேதி உனக்குப் பதினான்கு. கேக்கை அன்றைக்கு வெட்டுங்கள்.

பதினைந்து வருடத்தில் மூத்தவனுக்கு ஒரு பூசை வைத்ததில்லை. வைத்தால் செத்துப்போனான் என்று ஆகிவிடுமே என்று இருந்தேன். இது கிடைத்ததும் சாமியாரைப் பார்த்து, வருகிற ஞாயிறு பூசைக்கு அவன் பெயரைக் கொடுத்துவிடு. முழுப் பெயராகக் கொடு, சத்தமாக வாசிக்கச் சொல்.

உன் அப்பா,
சகாயநாதன்