மழையில் நனையாத தாள்

உங்கள் அரிதாரப் பெட்டியை இன்று காலையில்தான் திறந்தேன். நாளைக்கு உங்கள் கருமாதி. படத்துக்கு முன்னால் வைக்கலாமென்று துடைக்க எடுத்தேன். மூடியின் உள்பக்கத்தில் ஊதா மையில் உங்கள் பெருவிரல் ரேகை. கைநாட்டு வாங்கப் போகுமுன் மை பிடிக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தீர்களே, அது.

ஒரு மாசியில் இறம்பொடைக்குக் காமன் கூத்தாடப் போனபோது, வேற்றுத் தோட்டத்து ஆளென்று காவல்காரன் விரட்டினான். ரதி வேடத்துச் சேலையோடு தேயிலைக்குள் விழுந்து ஓடிவந்தீர்கள். "ரதிதேவி கொழுந்தெடுக்க வந்துட்டா புள்ள" என்று மூச்சிரைக்கச் சிரித்தீர்கள். சிரிப்பு அடங்கியதும், "தனித்தனியா ஆடுனா ஓடிக்கிட்டேதான் இருக்கணும்" என்றீர்கள்.

கூத்துக்காரர் சங்கம் அப்படித்தான் பிறந்தது. வட்டகொடை, உடப்புசல்லாவை என்று ஞாயிறுதோறும் அலைந்தீர்கள். தோட்டம் விட்டுத் தோட்டம் போய் ஆட அனுமதி வேண்டும், ஆடப்போனவன் பேரை வேலைப் பதிவில் வெட்டக் கூடாது என்று தோட்டத் துரைமாருக்கு ஒரு மனு. முதல் கைநாட்டு உங்களுடையது. ஏழு தோட்டத்துக் கூத்தாடிகள் வைத்த தாளை, மனைவி என்ற நம்பிக்கையில் என்னிடம்தான் தந்தீர்கள்.

இலங்கையில் நமக்குப் பிரஜாவுரிமை பறிபோன சமயம் அது. பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது பக்கத்து லயத்து ராக்காயி அக்கா, "கைநாட்டு வச்சவுங்களத்தான் மொதல்ல இந்தியாவுக்குக் கப்பல்ல ஏத்துறாங்களாம்டி" என்றாள். மூன்றாம் வகுப்புவரை படித்தவள்தானே நான், எழுத்துக்கூட்டியாவது அந்த மனுவைப் படித்திருக்கலாம். படிக்கவில்லை. குடத்தை இறக்கிய கையோடு தாளை அடுப்பில் போட்டேன்.

"ஏழு தோட்டத்து ஆளுக மொகத்துல எப்புடி முழிப்பேன்?" அவ்வளவுதான் கேட்டீர்கள். மனுவைக் கேட்டு வந்தவர்களிடம், "மழையில நனைஞ்சு போச்சு, என் தப்புதான்" என்றீர்கள். மறுபடி யாரும் விரல் நீட்டவில்லை. அந்த மாசியில் எந்தக் குழுவும் தோட்டம் தாண்டவில்லை. சங்கம் அதோடு போயிற்று.

பதினைந்து வருஷம். கோபத்தில்கூட ஒருநாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை நீங்கள். ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

உங்களைத் தூக்குமுன் இறம்பொடையில் தப்படிக்கும் மாரிமுத்து அண்ணன் அழுதுகொண்டே சொன்னார்: "தங்கமான மனுசன். ஒரு தாளப் பத்திரமா வைக்கத்தான் தெரியல." வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். பாடையிலும் என் பழியைச் சுமந்துதான் போனீர்கள்.

நாளைக்கு அந்த அண்ணன் வருவார். எரித்தவள் நான் என்று எல்லார் முன்னாலும் சொல்லப்போகிறேன். பெட்டியைத் துடைத்துவிட்டேன். அந்த ரேகையில் மட்டும் துணி படவில்லை. ஏழு தோட்டத்துக் கைநாட்டில் எரியாமல் மிஞ்சியது இது ஒன்றுதான்.